பாக்கெட்டின் பின்பக்கம் படித்தவன் எழுதுவது

சுங்குவார்சத்திரம்,
19.8.2012, ஞாயிறு.

மரியாதைக்குரிய மச்சான் கொம்பையா அவர்களுக்கு, உங்கள் தங்கை மாடத்தியின் கணவனும் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளருமாகிய நெல்லையப்பன் கும்பிட்டு எழுதுவது. அங்கே உரக்கடை வியாபாரம், அக்காவின் முழங்கால் வலி, குளத்துத் தண்ணீர் எல்லாம் எந்த மட்டில் இருக்கின்றன என்று அறிய ஆசை. இங்கே நானும் மகள் தங்கமாரியும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நலம் என்று வாயால் சொன்னால் போதாது, அதற்கு ஒரு எண் வேண்டும் என்கிறார்கள் இந்த ஊரில். அந்த எண்ணைப் பின்னால் எழுதுகிறேன்.

இதைப் போனில் சொல்லலாமே என்பீர்கள். சொன்னேன், மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "சரி மாப்ளே, புள்ளையக் கூட்டிட்டு எப்ப வாரிய?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்தாலும் மிச்சம் அங்கேயேதான் இருக்கும், பிறகு எடுத்துப் படித்துக்கொள்ளலாம். மூன்று நாளில் திரும்புகிறேன் என்று வந்தவன் ஐம்பத்திரண்டு நாளாக இங்கே என்ன செய்கிறான் என்று ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உங்களுக்காவது நடந்தது நடந்தபடி தெரியட்டும்.

செல்போன் கம்பெனியில் நம் தங்கமாரி நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்த சேதி வந்த அன்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "பாக்கெட்டத் தின்னு தின்னு புள்ளைக்கு ரத்தம் சுண்டிப் போச்சு. போயி கையோட கூட்டிட்டு வாங்க, நம்ம கடையிலயே உக்காரட்டும்" என்றீர்கள். அப்போது எனக்கும் அதுதான் எண்ணம். ஆனால் இங்கே வந்தால் அவள் இரண்டு வருஷப் பயிற்சி முடிந்து நிரந்தரமாகப் போகும் நேரம். கம்பெனி மருத்துவ அறை நர்ஸ் எழிலரசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறுதான் இருக்கிறது, ஒரு மாதத்துக்குள் பத்துக்கு வந்தால் நிரந்தர ஆணை, வராவிட்டால் வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். தங்கமாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ஒரு மாசம் மட்டும் விடுங்கப்பா. ரெண்டு வருசமா நின்னுக்கிட்டே வேல பாத்திருக்கேன். இப்பப் போனா அத்தனையும் வீணாப் போவும்" என்றாள். அழவில்லை மச்சான், அழுதிருந்தால் கூட்டி வந்திருப்பேன். அழாமல் கேட்டதால்தான் தங்கிவிட்டேன்.

கிளியம்மாள் என்கிற இந்த ஊர்க்காரி கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் வரிசை அறைகளில் ஒன்றில் தங்கமாரியும் ஐந்து பெண்களும் இருக்கிறார்கள். மூன்று பேர் வேலைக்குப் போனால் மூன்று பேர் தூங்குவார்கள். எனக்குக் கிளியம்மாள் வீட்டு முன்னறையில் இடம் கிடைத்தது. அவள் கணவர் கண்ணப்பன் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி. அவர் வேலைக்குப் போனதும் அவருடைய கட்டில் எனக்கு, அவர் வந்ததும் அவருக்கு. இங்கே ஆளுக்கு மட்டுமில்லை, கட்டிலுக்கும் அடுப்புக்கும்கூட ஷிப்ட் உண்டு. முதல் நாளே பெண்களின் அறைக்குப் போய், சத்துணவு மையத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வரும் அதிகாரியைப் போலக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். ஒரு அட்டைப் பெட்டி. அதற்குள் நூடுல்ஸ், க்ரீம் பிஸ்கட், ரஸ்க், ஜாம், மீல் மேக்கர், ஊறுகாய், சத்துப் பானப் பொடி, கடலை மிட்டாய் என்று ஒரு பலசரக்குக் கடையே படுத்திருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவனுக்கு வயிறு எரியாதா? உணவே மருந்து என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினேன். கம்பெனியில் தங்கமாரியோடு அதே லைனில் வேலை பார்க்கும் பாண்டிச்செல்வி, கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், போர்வைக்குள் இருந்தே சொன்னாள்: "மாமா, எதைன்னாலும் தூக்கிப் போடுங்க. கடலமிட்டாயி மட்டும் எங்க ஊருது. அதத் தொட்டியன்னா சண்ட வந்துரும்."

மறுநாளே அடுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பாக்கெட்டில் வந்தது எதுவும் தங்கமாரி வாயில் படக்கூடாது என்று சட்டம் போட்டேன். கேப்பைக் களி, முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. நம் ஊரில் முருங்கை வேலியோரம் சும்மா நிற்கும். இங்கே நின்றவற்றையெல்லாம் அறை கட்ட வெட்டிவிட்டார்கள். மூன்றாவது தெருவில் ஒரு மரத்தைக் கண்டுபிடித்து, மதில்மேல் ஏறிப் பறித்துக்கொண்டிருந்தபோது கிளியம்மாள் பார்த்துவிட்டாள். "இன்னா பெரியவரே, இந்த வயசுல மரம் ஏறிக்கினு? வுழுந்து வெச்சா போலீசாண்ட யாரு பதில் சொல்றது? மார்க்கெட்ல கட்டு கட்டா கீது, போய் வாங்கிக்கினு வா" என்றாள். வாங்கினேன். உருவி ஆய ஒரு மணி நேரம் ஆனது. கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டுப் படுக்க அந்தப் பெண்களுக்கு இருப்பதே முக்கால் மணி நேரம். நான் ஆய்ந்து முடிப்பதற்குள் வந்த மூவரும் தூங்கிவிடுவார்கள். எழுப்பி எழுப்பிப் போட்டேன். சாப்பாட்டோடு என் கையால் ஒரு உபசாரமும் உண்டு, ஆளுக்கொரு டம்ளர் திக்கான டீ. நம் பக்கத்தில் சோற்றுக்குப் பிறகு டீ இல்லாமல் யார் எழுந்திருக்கிறார்கள்? நர்ஸ் கொடுத்த மாத்திரையைக்கூட டீயில்தான் விழுங்க வைத்தேன், பச்சைத் தண்ணீரில் போட்டால் நெஞ்சைக் கரிக்கும் என்று. ஒரு வேளை தவறவிட்டது கிடையாது.

இதற்கு நடுவே எனக்கு ஒரு சனியன் பிடித்தது மச்சான். வாசிக்கிற சனியன். அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கி எறியப் போகும்போது ஒரு பாக்கெட் கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. எறிவதை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, நூறு கிராமுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். முப்பது வருஷம் இதே கணக்கைத்தானே நான் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்! அன்றிலிருந்து பஸ் ஸ்டாப் எதிரே ஜெபகுமார் என்பவரின் மளிகைக் கடையில் தினமும் ஒரு மணி நேரம் நிற்கிறேன். வாங்குவது ஒன்று, கவிழ்த்துப் பார்ப்பது இருபது. மீல் மேக்கர் பாக்கெட்டில் நூறு கிராமுக்கு ஐம்பத்திரண்டு கிராம் புரதம் என்று இருந்தது. துவரம்பருப்பிலேயே அதில் பாதிதான் உண்டு, அச்சுப்பிழையாக இருக்குமோ என்று ஜெபகுமாரிடம் கேட்டேன். "பெரியவரே, நான் விக்கிறவன். அச்சடிக்கிறவன் வேற ஊர்ல கீறான்" என்றார்.

எது அதிகம் சேர்ந்திருக்கிறதோ அதுதான் பட்டியலில் முதலில் வரும் என்பதையும் நானாகவே கண்டுபிடித்தேன். குதிரைமேல் பையன் பறக்கும் படம் போட்ட சத்துப் பானப் பொடியில் இரண்டாவது பெயரே சர்க்கரை. பழம் படம் போட்ட பாட்டிலில் பழத்தை ஐந்தாவது இடத்தில் தேடிப் பிடித்தேன். நூடுல்ஸில் உப்பு எவ்வளவு என்று போடவே இல்லை. எழுதாமல் விட்டதையும் ஒரு சேதியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். "குறைகளுக்கு எழுதவும்" என்று ஒரு கம்பெனி விலாசம் கொடுத்திருந்தது. எனக்குக் குறை ஒன்றும் இல்லை, சந்தேகங்கள்தான் இருக்கின்றன, அவற்றையும் எழுதலாமா என்று முதலில் ஒரு கார்டு போட்டுக் கேட்டேன். இன்னும் பதில் இல்லை. ஜெபகுமார் மட்டும் இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுகிறார், நான் உள்ளே வராமலே படித்துக்கொண்டு போகட்டும் என்று.

ஒரு நாள் பாண்டிச்செல்வி என்னை மடக்கினாள். நான் வழக்கம்போல, மண்ணில் விளைந்ததை அப்படியே தின்றால் நோயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "எதையும் அப்படியேவா மாமா திங்கோம்?" என்றாள். "நீங்க வடிக்க புழுங்கலரிசி, நெல்ல அவிச்சு காயவச்சு மில்லுல அரச்சது. கருப்பட்டி பனையிலயா தொங்குது? அவலு, பொரிகடல, அப்பளம், கருவாடு, எல்லாமே ஒரு ஆளு ஒரு வேல பாத்த சாமாந்தான். பாக்கெட்ல போட்டா மட்டும் விசமாயிருமா?"  எங்கள் சத்துணவு மையத்துக்கே இரும்புச்சத்து கலந்த உப்பு பாக்கெட் பாக்கெட்டாக வந்து இறங்கியதும், பெற்றுக்கொண்டேன் என்று நானே கையெழுத்துப் போட்டதும் அந்த நேரம் பார்த்தா ஞாபகத்துக்கு வர வேண்டும்? அதை நான் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மாதம் முடிந்தது. ஜூலை கடைசியில் ரத்தம் பார்த்தார்கள். என் கையால் கீரையும் களியும் தின்ற தங்கமாரிக்கு எட்டு புள்ளி ஏழு. முப்பது நாள் பாடுபட்டதற்கு ஏறியது வெறும் புள்ளி ஒன்று. என் களியைத் தொடாமல் அட்டைப் பெட்டியிலிருந்தே எடுத்துத் தின்ற பாண்டிச்செல்விக்கு, தோழியோடு துணைக்குப் போய்ச் சும்மா விரலை நீட்டியவளுக்கு, பன்னிரண்டு! தங்கமாரி பையை எடுத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.  பிள்ளையைக் காப்பாற்ற வந்தவனே அவள் வேலைக்கு உலை வைத்துவிட்டேன், மச்சான்.

நர்ஸ் எழிலரசி இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். தினமும் சமைத்ததை எழுதி வைத்த நோட்டை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே போனேன். என்னென்ன போட்டேன் என்று தேதிவாரியாக வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாதான் சார் இருக்கு. கூட குடிக்கிறதுக்கு இன்னா குடுக்குறீங்க?" என்றார். பெருமையோடு சொன்னேன், "திக்கா டீ. மாத்திரையும் அதுலதான்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ சார்! கீரையில இருக்குற இரும்பு, மாத்திரையில இருக்குற இரும்பு, ரெண்டையும் அந்த டீ உடம்புல சேர வுடாது சார். ஒரு கையால போட்டு இன்னொரு கையால பிடுங்கிக்கினு இருந்திருக்கீங்க ஒரு மாசமா." பாண்டிச்செல்வி டீயே குடிப்பதில்லை, நான் கொடுத்த டம்ளரைப் பக்கத்துப் பெண்ணுக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள். அவள் தின்பதும் நான் நினைத்தது போல நூடுல்ஸும் பிஸ்கட்டும் மட்டுமில்லை. மீல் மேக்கர், முட்டை, கொண்டைக்கடலை, கடலை மிட்டாய், சாப்பாட்டுக்கு மேலே அரை எலுமிச்சம்பழத்துச் சாறு. நூடுல்ஸ் போட்டால்கூட அதோடு வந்த மசாலாவில் பாதியைக் கொட்டிவிட்டு, முட்டையும் காயும் போடுகிறாள். இதையெல்லாம் அவள் கட்டிலுக்கு எதிரில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தும் நான் பார்க்கவில்லை. பெட்டியை மட்டும்தான் பார்த்தேன். "பாக்கெட்டுன்னு எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க சார். திருப்பிப் பாத்து வாங்குங்க. நேரமும் காசும் இல்லாத புள்ளைங்களுக்கு அதுலயும் நல்லது கீது" என்றார் எழிலரசி. கம்பெனி டாக்டரிடம் பேசி மூன்று வாரம் அவகாசமும் வாங்கித் தந்தார். அந்தப் பெண்ணை நீங்கள் பார்த்தால் கும்பிட வேண்டும்.

அதற்குப் பிறகு சமையலறையில் ஆட்சி மாறியது. நான் சமையல், பாண்டிச்செல்வி மேற்பார்வை. பாக்கெட் மாவில் தோசை, அதற்குள் ஆய்ந்த கீரை கொஞ்சம். கீரை கிடைக்காத நாளில் மீல் மேக்கர் குழம்பு, கறிக்குழம்பு மசாலா போட்டால் கண்ணப்பன்கூட இரண்டு எலும்பைத் தேடுவார். வேலைக்குப் போகும் பையில் பொரிகடலையும் கடலை மிட்டாயும். பாக்கெட் பாலைக் காய்ச்சி மாலையில், சாப்பாட்டுக்கு வெகு தள்ளி. க்ரீம் பிஸ்கட்டையும் ஜாமையும் தீபாவளிக்கு மட்டும் என்று ஆறு பேரும் கைதூக்கித் தீர்மானம் போட்டார்கள். சாப்பாட்டோடு டீ கிடையாது, மாத்திரை எலுமிச்சைச் சாறோடு. டீயை நிறுத்தியதும் அறையில் ஒரு கலகமே நடந்தது, அதை எழுத இங்கே இடமில்லை. காய்கறிக் கடையிலிருந்து கட்டுக் கட்டாகத் தூக்கி வந்த காலத்தைவிடச் செலவும் குறைந்தது, பெண்களுக்குத் தூக்கமும் முக்கால் மணி நேரம் கூடியது. தூக்கமும் ஒரு சத்து என்று எந்தப் பாக்கெட்டிலும் போட்டிருக்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, மறுபடி ரத்தம் பார்த்தார்கள். பத்து புள்ளி மூன்று. தங்கமாரி சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "அப்பா, பாஸ்" என்றாள்.  எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அவள் நிரந்தரம். ஆகவே மச்சான், உரக்கடையில் அவளுக்கென்று வைத்திருக்கும் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இதைக் கோபமாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொல்கிறேன்.

நான் வரும் வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன். வந்ததும் உங்கள் கடை வாசலில் நாலு பேரைக் கூட்டி வையுங்கள், எதைத் தின்ன வேண்டும், எப்படித் தின்ன வேண்டும் என்று ஒரு கூட்டம் பேசுவதாக இருக்கிறேன். இந்த விஷயத்தில் நம் ஜில்லாவில் என்னைவிட விவரம் தெரிந்தவன் இப்போது கிடையாது. அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் பசித்துச் சாப்பிட்டு, செரித்துத் தூங்கி, நீடு வாழ வேண்டும். மாடத்தியிடம் நான் தெம்பாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத
நெல்லையப்பன்

பி.கு: மேலே எழுதியதைக் கவரில் போட்டு ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. கூட்டம் வேண்டாம், யாரிடமும் சொல்லியிருந்தால் இல்லையென்று சொல்லிவிடுங்கள். இன்று மத்தியானம் நர்ஸ் எழிலரசிக்கு நன்றி சொல்ல, தங்கமாரியையும் கூட்டிக்கொண்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். "உங்களுக்கும் ஒரு தடவ பாத்துடலாம் சார்" என்று விளையாட்டாக என் விரலைக் குத்தினார். மிஷினில் வந்த எண் ஏழு புள்ளி ஒன்பது. மிஷின் கெட்டுவிட்டது என்றேன். இன்னொரு விரலில் குத்தினார். ஏழு புள்ளி எட்டு. மூன்றாவது விரலை நான் காட்டவில்லை.

நாளை காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில் என்னைச் சோதிக்கப் போகிறார்கள், ஆண்பிள்ளைக்கு இப்படிக் குறைந்தால் உள்ளே வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டுமாம். என் ரயில் டிக்கெட்டைத் தங்கமாரி என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழிலரசி கேட்டபோது, பிள்ளைகள் சாப்பிடுவதைத்தான் என்றேன். தங்கமாரி குறுக்கே வந்தாள். "பொய் சொல்லுதாவ அக்கா. நாள் பூரா டீயக் குடிச்சிட்டு, எங்களுக்குப் போட்டது போக சட்டியில ஒட்டுனதத் திங்காவ. எங்க அம்மா மாதிரியே" என்றாள்.

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையோடு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தேழு வருஷமாக உங்கள் தங்கை நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிடுகிறாள். ஊரார் பிள்ளைகள் நூற்று நாற்பது பேர் தட்டில் என்ன விழுந்தது என்று தினமும் எழுதி வைத்தவன், அந்த ஒரு தட்டில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது மச்சான், பயமாகவும் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவளைச் சங்கரன்கோயில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் பாருங்கள். எனக்கென்ன கேடு என்பாள், வரமாட்டாள். எனக்கு உடம்பு முடியவில்லை, ஏற்றுவதற்கு அவள் ரத்தம் சேருமா என்று பார்க்கச் சொன்னார்கள் என்று ஒரு பொய் சொல்லுங்கள். எனக்கென்றால் வந்துவிடுவாள்.